தையல் போட்ட ஸ்பீக்கர்

திருநெல்வேலி ஜங்ஷன்,
வியாழக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு, டெல்பின் எழுதுவது. அந்தோனியார் தயவில் நீங்கள் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

உவரி வீட்டு ரேடியோவைப் பிரித்து, ஸ்பீக்கரைத் தனியே எடுத்துவிட்டேன். மாமாவே அதைக் கடைக்குக் கொண்டுவந்து விலை கேட்டார். போனில் உங்கள் அப்பா பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் மஸ்கட் திரும்பும் காயல்பட்டினம் சுல்தான் காக்கா கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். பாதியில் தூக்கிப் போட்டாலும் பிறகு எடுத்துப் படிக்கலாம் அல்லவா?

திங்கட்கிழமை மாமா ரேடியோவை வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். நம் மெக்கானிக் பெனோவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. பழைய ஸ்பீக்கர் எது வந்தாலும் அதன் முதுகில் ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பார்ப்போம். ஒட்டினால் காந்தத்துக்கு உயிர் இருக்கிறது. இதில் ஒட்டவில்லை. "பெரியவரே, இது செத்துப்போச்சு, எடைக்குத்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டான். "ஏலே, செத்ததா பொழச்சதான்னு சொல்லுததுக்கு நீ என்ன டாக்டராலே? காலையிலதான் ஒருத்தன்கிட்ட கேட்டுட்டு வாரேன், அது போதும்" என்று மாமா போட்ட சத்தம் உள்ளே இருந்த எனக்குக் கேட்டது.

வந்து பார்த்தேன். காந்தம் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த கம்பிச்சுருள், வெளியே நான்கு வயர். காந்தமே வைக்காத காலத்து ஸ்பீக்கர் அது. ரேடியோ கரண்ட் சுருளுக்குள் ஓடினால்தான் காந்தமாகும். பெனோவை நாலு திட்டு திட்டிவிட்டுத் தனியாகக் கரண்ட் கொடுத்தேன். ஸ்க்ரூடிரைவரைக் கிட்டே கொண்டுபோனதும் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது. பாட்டும் போட்டோம். "இப்பம் சொல்லுலே, எடைக்குப் போடுவமா? உன்னையும் சேத்துல்லா போடணும்" என்று மாமா சிரித்தார். சிரிப்பில் வந்த இருமல் வெகுநேரம் நிற்கவில்லை.

பாட்டில் கட்டைக் குரல் வரும்போது மட்டும் ஒரு கரகரப்பு. ஸ்பீக்கரின் காகிதக் கோனைத் திருப்பினேன். விரல் நீளக் கிழிசல், அதை வலைக்குப் போடும் நைலான் நூலால் யாரோ தைத்திருந்தார்கள். கோன் கிழிந்தால் பசை தடவி மெல்லிய தாள் ஒட்டுவார்கள். தைத்தவரை இந்தத் தொழிலில் நான் கண்டதில்லை. "உன் புருசன் சின்னப்பிள்ளையில குடைக்கம்பிய உட்டுக் கிழிச்சான். கடல்காரனுக்குக் கிழிஞ்சா தைக்கத்தான் தெரியும், பிள்ள" என்றார். நீங்கள் படகை விற்ற நாளிலிருந்து உங்கள் பெயரைச் சொல்லாதவர் அன்றும் சொல்லவில்லை. ஆனால் அங்கே வெயில் எப்படி, சோறு யார் ஆக்குகிறார்கள், லீவு எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒளிக்காமல் சொல்கிறேன், இந்தச் சரக்கு எனக்கு வேண்டும். பெங்களூர்க்காரர் ஒருவர் இதே போல ஒன்றை வைத்துக்கொண்டு ஜோடி தேடி அலைகிறார். பெரிய பெட்டி செய்து இரண்டையும் பொருத்திப் பாட்டுக் கேட்பாராம். தையலைப் பிரித்து ஒழுங்காக ஒட்டிக் கொடுத்தால் நான் வாய்விட்டுக் கேட்கும் விலையைத் தருவார். நீங்கள் ஆக்கர் கடை, பழைய இரும்புக் கடை என்று கேலி பண்ணின கடையை இப்படித்தான் நிமிர்த்தியிருக்கிறேன். சனிக்கிழமை வருகிறார். பிளேடை எடுத்து நூலுக்குக் கிட்டே கொண்டுபோவதும் கீழே வைப்பதுமாக இருக்கிறேன். சில்லறையைத் தப்பாக எண்ணிக் கொடுக்கிறேன். கடையைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறேன். எனக்கு இப்படி வந்ததே கிடையாது.

மாமா அன்று பாளையங்கோட்டைக்கு எதற்கு வந்தார் என்று உங்களிடம் சொல்லக் கூடாதென அந்தோனியார் பேரில் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதனால் சொல்லவில்லை. கையில் பெரிய ஸ்கேன் கவர் இருந்தது. அவருடைய சட்டைக்குள் இப்போது இரண்டு பேர் நுழையலாம். இவற்றைச் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. வலை போய்விட்டது, நங்கூரமும் போய்விட்டது. வீட்டில் உள்ளதை ஒவ்வொன்றாக யாரிடமாவது கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

பணத்தை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். "காசு யாருக்கு வேணும்? கிழிச்சவன் வந்து வெல பேசட்டும்" என்றார்.

ஆகவே பேரம் இப்படி முடிந்திருக்கிறது. ஸ்பீக்கர் தையலோடு என் கடையிலேயே இருக்கும், பெங்களூர்க்காரருக்குக் கிடையாது. நீங்கள் நேரில் வந்து, மாமா முகத்தைப் பார்த்து விலை கேட்க வேண்டும். போன் பேரம் செல்லாது. அவர் என்ன சொன்னாலும் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கக் கூடாது. மாமா வைத்த கெடு ஜனவரியில் உவரி அந்தோனியார் கோயில் கொடியேற்றம். சரி என்று அவர் எதிரில் தலையாட்டிவிட்டேன். உங்களுக்கு நான் வைக்கும் கெடு இந்த மாதம்.

இப்படிக்கு,
உங்கள் டெல்பின்