ஒரே இடம்தான் என்றால் யாருக்கு?

அன்புள்ள தோழிக்கு,

இன்று காலை நம் மருத்துவப் பள்ளித் தாழ்வாரத்தில், நேர்முகத் தேர்வுக்கு வந்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வார்டுக்குப் போகும் அவசரத்தில் அவர்களைக் கடந்துகொண்டிருந்தேன். யாரோ ஒருத்தியின் புடவையிலிருந்து ஆவாரம்பட்டை வாசனை வந்தது. தோலும் பட்டையும் சேர்ந்து ஊறிய ஆம்பூர் வாசனை. அப்படியே நின்றுவிட்டேன். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு அந்த வாசனை என் பக்கத்தில் வந்தது இதுதான் முதல் தடவை.

நாம் மெட்ரிகுலேஷன் முடித்த கோடையில் உன் வீடு முழுக்க அந்த வாசனைதான். உன் அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தோல் ஊறும் தொட்டிகள். நேர்முகத்துக்குத் தயார் செய்ய வாலாஜாபேட்டையிலிருந்து என்னை நீதான் வரவழைத்தாய். என் அப்பா ஒரு நிபந்தனையோடு அனுப்பினார். "இடம் கிடைச்சா படி. இல்லேன்னா வர்ற தையில கல்யாணம்." மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கோ முன்பின் தெரியாதவர்கள் எதிரில் குரலே வராது.

நீதான் எல்லாவற்றுக்கும் வழி கண்டுபிடித்தாய். ஆட்டுக்கால் சூப்பு வைத்த அன்று, "இந்த எலும்புக்கு இங்கிலீஷ்ல பேர் இன்னா?" என்று தட்டிலிருந்தே எடுத்துக் காட்டிக் கேட்டாய். உன் அப்பா தன் எலும்பை மட்டும் கொடுக்கவில்லை. "இரும்மா, உறிஞ்சிட்டுத் தரேன்" என்றார். மரப்பெட்டியை நாற்காலியாக்கி, நான் உள்ளே வந்து வணங்கி, சத்தமில்லாமல் உட்காரப் பழகினேன். உன் அம்மா வெள்ளைக்கார டாக்டரம்மாவாக எதிரில் உட்கார்ந்தார். முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, "இன்னாத்துக்கும்மா டாக்டராவணும்?" என்றார். நான் மனப்பாடம் செய்திருந்த இங்கிலீஷ் பதிலைச் சொல்லி முடித்தேன். "நல்லாத்தான் கீது. ஒண்ணும் புரியல" என்றார். நாம் சிரித்த சிரிப்பில் கீரை தரையெல்லாம் சிதறியது.

என் குரலுக்கு நீ செய்த வைத்தியம் பாலாற்றில் நடந்தது. ஆற்றில் மணல்தான். என்னை ஒரு கரையோரம் நிறுத்திவிட்டு நீ நடுமணலுக்குப் போய்க் கேள்வி கேட்டாய். நான் பதில் சொன்னேன்.

"கேக்கல!" என்று கத்தினாய். இன்னும் தள்ளிப்போனாய். "இன்னும் ஜாஸ்தியா கத்துடி! உன் குரலுக்கு நீயே பயந்தா எப்படி?"

ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் நமக்குப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்கள். கடைசியில் உன் உருவம் சின்னதாகத் தெரிந்த தூரத்திலிருந்து நீ கையைத் தூக்கி ஆட்டினாய். கேட்டுவிட்டது! எனக்கு அப்போதே இடம் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

ரயிலில் காட்பாடிக்குப் போகும்போது, எதிரே இருந்த முஸ்லிம் அம்மா எங்கே போகிறோம் என்று விசாரித்தார். "டாக்டருக்குப் படிக்கிறோம்" என்று நீ கூசாமல் சொன்னாய். அவர் உடனே தன் முழங்கால் வலியைச் சொல்லத் தொடங்கிவிட்டார். நீயும் முகத்தை மாற்றாமல், "எப்போலேர்ந்து வலிக்குது?" என்று விசாரித்தாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டேன். ஜட்கா வண்டியில் வேலூருக்குள் நுழையும்போதுதான் நீ முதல் தடவையாகக் கொஞ்சம் கலங்கினாய். உன் முந்தானையை முகர்ந்து பார்த்து, "டேனரி வாசனை அடிக்குது, இல்ல?" என்றாய். உடனே நீயே தேறிக்கொண்டாய். "கேட்டா, எங்கப்பா அங்கதான் வேலை செய்றாருன்னு சொல்லுவேன். அவ்ளோதான்."

என்னை முதலில் கூப்பிட்டார்கள். இரண்டு வெள்ளைக்கார டாக்டரம்மாக்களும் நம்மூர் ஆசிரியை ஒருவரும் மேஜைக்குப் பின்னால் இருந்தார்கள். எலும்புகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. என் ஊர், வீடு பற்றிக் கேட்டார்கள். பிறகு மூத்த டாக்டரம்மா சாய்ந்து உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டார். "வெளியே இத்தனை பேர் காத்திருக்கிறார்கள். ஒரே இடம்தான் இருக்கிறது என்றால் அதை யாருக்குக் கொடுப்பாய்?"

உன் முகம்தான் முதலில் வந்தது. என்னைவிட நீ தைரியசாலி, கெட்டிக்காரி. உன் பெயரைச் சொல்வதுதான் முறை என்று மனசு சொன்னது. ஆனால் வாய் திறந்தபோது வந்த சொல் "எனக்கு." அறை முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருந்தேன். அந்த அம்மா சிரித்தாரா என்று பார்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

அடுத்து நீ உள்ளே போனாய். வெளியே வந்ததும் நேரே என்னிடம் வந்து, "யாருக்குன்னு உன்னையும் கேட்டாங்களா?" என்றாய்.

"கேட்டாங்க."

"இன்னா சொன்ன?"

நான் வாய் திறப்பதற்குள் நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "நான் எனக்குத்தான்னு சொல்லிட்டேன். நீ மட்டும் என் பேரைச் சொல்லியிருந்தே, இங்கயே உதைப்பேன்!"

"நானும் எனக்குன்னுதான் சொன்னேன்" என்றேன்.

நீ போட்ட கூச்சலில் பியூன் ஓடிவந்தான். என்னைக் கட்டிக்கொண்டு தாழ்வாரத்திலேயே குதித்தாய். சாயங்காலம் பெயர்களைப் படித்தார்கள். உன் பெயர் முதலில், என் பெயர் கடைசியில். இரண்டுக்கும் சேர்த்து நீயே கத்தினாய்.

நாலு நாளைக்கு முன் பேரணாம்பட்டிலிருந்து ஒரு பீடித் தொழிலாளிப் பெண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். இரட்டைப் பிள்ளை, இரண்டாவது குறுக்கே கிடந்தது. அன்று பெரிய டாக்டரம்மா ஊரில் இல்லை, நான் மட்டும்தான். கையை உள்ளே விட்டுத் திருப்பி எடுத்தேன். தாயும் இரண்டு பிள்ளைகளும் பிழைத்துக்கொண்டார்கள். கையைக் கழுவிவிட்டு, ஈரம்கூடத் துடைக்காமல் விடுதிக்கு ஓடி, உன் அறைக் கதவைத் தட்டிவிட்டேன். தட்டிய பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது.

புதிதாக வந்திருக்கும் நர்ஸ் பெண் கதவைத் திறந்தாள். மூச்சு வாங்க நின்றவளைப் பார்த்து, "இன்னா டாக்டரம்மா?" என்று பதறினாள். நல்ல சேதி கிடைத்தால் உன்னிடம் ஓடிவரும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. போகவும் வேண்டாம். அவளிடமே சொல்லத் தொடங்கினேன். அவள் பாதியில் என்னை நிறுத்தி, கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தாள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள்.

முதலிலிருந்து சொன்னேன்.