கல்வாழைப் பாத்தியும் ஜிம்மியும்

கார்த்திகை, திங்கள். விடாத மழை.

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். எனக்கு அடி, எங்கள் நாய் ஜிம்மிக்கு அதைவிட மோசம்.

சனிக்கிழமை ரயில்வே துரையின் மனைவி, துரைசானி, வருகிறாள். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எந்த வீட்டுத் தோட்டம் அழகோ அதற்குப் பரிசு. அதற்காக அப்பா கல்வாழைப் பாத்தி முழுக்க ஆமணக்குப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கலந்து கொட்டி, மேலே லாலாங் புல்லைப் பரப்பியிருக்கிறார். தெருவரை நாற்றம். ஜிம்மி அங்கிருந்து மூக்கை எடுப்பதில்லை.

அம்மா அப்பாவிடம் மெதுவாக, "மாட்டுக்கு வைக்கிறது கடலைப் புண்ணாக்குங்க. இது ஆமணக்கு. நாய் தின்னா செத்துரும்."

"புண்ணாக்குன்னா புண்ணாக்குதான். நீ அடுப்பப் பாரு."

கணக்கில் இரண்டு தப்பு. நீல ரிப்பன் காணோம்.

புதன். வெயில், பிறகு இடி.

பக்கத்து வீட்டு மேரி அக்காவின் நாய்க்குட்டி செத்துவிட்டது. திங்கள் சாயங்காலம் எங்கள் பாத்தியைக் கிளறித் தின்றது. ஒரே வாந்தி, ரத்தம்.

அக்கா வேலியோரம் நின்று, "பாப்பா, உங்கப்பாகிட்ட சொல்லு. பரிசு வாங்கி என் குட்டி தலைமாட்டுல வைக்கட்டும்."

சொன்னேன். "நாய்க்கு ஆயிரம் சீக்கு. ஜிம்மியக் கட்டிப் போடு" என்றார். கட்டினேன். ஜி. (ஜிம்மிதான்) கயிற்றைக் கடித்து அறுத்துவிட்டது.

"அப்ப ஞாயித்துக்கெழம ரயில்ல ஏத்தி கிள்ளான்ல விட்டுட்டு வரேன்" என்றார் அப்பா.

விட மாட்டேன்.

வியாழன். தூறல்.

அப்பாவுக்கு இரவு வேலை. மண்வெட்டியால் பாத்தியை வழித்தேன். பின்னால் குழி தோண்டி எல்லாவற்றையும் புதைத்தேன். ஜி. தோண்டாமலிருக்க மேலே வைக்கத் துவைக்கும் கல்லைத் தள்ளினேன். அசையவே இல்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு கைகள். அம்மா!

"என்னடி பாக்குற? தள்ளு."

பாத்தியில் இப்போது தேங்காய் நாரும் வெறும் லாலாங்கும்தான். ஜி. முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டுப் போனது.

வெள்ளி. மழை இல்லை.

சாயங்காலம் அப்பா பாத்தியில் குனிந்தார். "நாத்தத்தையே காணோமே! யாரு கை வச்சது?"

அம்மா அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள். நான் பாடம் படித்தேன், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப.

இப்போது பின்பக்கம் அவர் குரல்: "துவைக்கல்லு எப்படி இங்க வந்துச்சு?"

 ஜி. என் கட்டிலுக்கு அடியில், உயிரோடு. வாலை மட்டும் அடக்கத் தெரியவில்லை.

கதவைத் தட்டுகிறார். திறக்கப் போகிறேன். நான்தான் என்பேன், நான் மட்டும்தான். அம்மாவைக் காட்டிக் கொடுக்க—