பங்காளி முறை

பங்குனி, வியாழக்கிழமை இரவு.

வால்டர் இறந்துவிட்டார். மத்தியானம் போனில் எங்கள் ரயில் பிரியர்கள் குழுவில் செய்தி வந்தது. நான் பிறப்பதற்கு முன்பே மூடிப்போன ஓர் அமெரிக்க ரயில் கம்பெனி. அதன் நீல என்ஜின்கள்மேல் எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம். அமெரிக்காவிலிருந்து படம் அனுப்புவார், ஹாரன் சத்தம் அனுப்புவார். நேரில் பார்த்ததில்லை.

குழுவில் எல்லோரும் என்ஜின் படமாகப் போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன். அழுகை வரவில்லை. போய்த் தறியை ஓட்டினேன்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். நாளைக்குக் கோயிலில் பொங்கல் வைக்க, புதுப்பானைக்கு மஞ்சள் கட்டிக்கொண்டிருந்தாள்.

"போனைப் போட்டுக் கேதம் கேட்டீகளா?"

"யார்ட்ட கேக்க? அவுக வீட்டுல யாரு இருக்காகன்னே எனக்குத் தெரியாது."

"அவுக நமக்கு என்ன முறை வேணும்?"

"பங்காளி." எப்படியோ வாயில் வந்துவிட்டது.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கட்டிய மஞ்சளை அவிழ்த்தாள்.

"தீட்டோட பொங்கல் வைக்கக் கூடாதுல்ல," என்று பானையைப் பரணில் ஏற்றினாள். "தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வாங்க."

ஊற்றிக்கொண்டேன். தலை இன்னும் காயவில்லை.