பின்னறைக்காரன்

பிரிஞ்சாங்,
11.2.1979

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை செல்லம் எழுதுவது. நலம் என்று எழுதத்தான் ஆசை. உங்கள் சிநேகிதர் தங்கராஜு விடமாட்டேன் என்கிறார்.

போன மாதம் பெட்டியோடு வந்து நின்றபோது, அண்ணன் அனுப்பிய ஆளாயிற்றே என்று பின்னறையை ஒழித்துக் கொடுத்தேன். முதல் வாரம் விறகு பிளந்து போட்டார், வாய் நிறையத் தங்கச்சி என்றார். இப்போது குடித்துவிட்டு வந்தால் விறகுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. நேற்று, சோறு ஆறிவிட்டதென்று சட்டியை என் தோளில் வீசினார். குரைத்த நாயை உதைத்தே கொன்றுவிட்டார் அண்ணே. கியா பார்ம் சந்தையில் காய்கறி விற்றுவிட்டு நான் திரும்பும்போது சாலை முனைவரை ஓடிவருகிற நாய் அது.

தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருந்தவரை வீடு துரையுடையது. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் என் பெயரில் வாங்கிய இந்தப் பலகை வீடு ஒன்றுதான் எனக்கென்று இருப்பது. அதில் நிம்மதியாகப் படுக்க முடியவில்லை. அவரைக் கிளம்பச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள்.

தங்கள் அன்புத் தங்கை,
செல்லம்


சிங்கப்பூர்,
2.3.1979

அன்புத் தங்கை செல்லத்துக்கு ஆசிகள். கடிதம் கண்டேன்.

தங்கராஜு முரடன்தான், கெட்டவன் இல்லை. கப்பல் பட்டறையில் என்னோடு ஒரே அறையில் படுத்து எழுந்தவன். வேலை போய் நின்றான்; தனியாக இருக்கிற பெண்ணுக்கு ஓர் ஆண் துணை ஆகட்டும் என்று அனுப்பினேன். நீயும் வாயைக் கொஞ்சம் அடக்கு. சின்ன வயதிலிருந்து உன் வாய் எனக்குத் தெரியாதா? நாய் வேறு வாங்கிக்கொள்ளலாம். சோற்றைச் சூடாகப் போடு.

உன் நலம் நாடும் அண்ணன்,
அர்ஜுனன்


பிரிஞ்சாங்,
20.5.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

சோற்றைச் சூடாகத்தான் போட்டேன். நாக்கு வெந்துவிட்டதென்று என் இடது நடுவிரலை ஒடித்துவிட்டான். இனி அவனுக்கு மரியாதை கிடையாது.

என் கொழுந்தனார் முருகையா லயத்திலிருந்து ஆட்களோடு வந்து அவன் பெட்டியைத் தெருவில் வைத்தார். அவன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்து அவர் கையைக் கிழித்தான். எலும்பு தெரிந்தது அண்ணே. ஆனாலும் விடாமல் மிதித்து, லோரியில் தூக்கிப் போட்டு அனுப்பினார்கள். தொலைந்தான் என்று வீட்டைக் கழுவிவிட்டேன்.

மூன்றாம் நாள் சூலத்தோடு வந்தான். என் கொல்லையில் அதை நட்டு, ஒரு கோழியை அறுத்து, "முனியாண்டி இங்கதான் குந்துவேன்னு சொல்லிட்டாரு. சூலத்த எவனாச்சும் பிடுங்குனா ரத்தம் கக்கிச் சாவான் லா!" என்று கத்தினான். அவ்வளவுதான், அடிக்க ஓடிவந்தவர்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நட்ட சூலத்தை நம் சனத்தில் யார் தொடுவார்கள்? இப்போது வெள்ளிக்கிழமையானால் லயமே எலுமிச்சம்பழத்தோடு வருகிறது. அவன் பூசாரி, வீட்டுக்காரியான நான் விளக்குத் துடைக்கிறேன். முருகையாவே கட்டுப் போட்ட கையால் அவனிடம் திருநீறு வாங்கிக்கொண்டு போகிறார்.

அவன் பயப்படுகிற ஒரே ஆள் நீங்கள். வந்து ஒரு தடவை "போடா" என்று சொல்லுங்கள், போய்விடுவான்.

செல்லம்


சிங்கப்பூர்,
17.6.1979

தங்கைக்கு,

லீவு கிடைக்காது. வீடு தேடி வந்த தெய்வத்தைத் துரத்தச் சொல்கிறாயே, உனக்கே நன்றாக இருக்கிறதா? ஆடிப் படையலை நிறைவாகச் செய். என் பெயருக்கும் ஓர் அர்ச்சனை செய்.

அர்ஜுனன்


பிரிஞ்சாங்,
5.8.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

வெள்ளிக்கிழமை படையல் நடந்தது. உங்கள் பெயருக்கு அர்ச்சனையும் ஆயிற்று.

ஆடு விழுந்தது, உடுக்கை அடித்தார்கள். தங்கராஜு சாமியாட எழுந்தான். அவனுக்கு முந்தி நான் ஆடிவிட்டேன். முடியை அவிழ்த்துவிட்டு, முனியின் சாட்டையை எடுத்து அவன் முகத்தில் வீசினேன். "என் எல்லைய விட்டு எறங்குடா!" என்றேன். அவன், "நடிக்கிறா, பிடிங்கடா அவள" என்றான். அருள் வந்தவளைப் பழித்துவிட்டான் என்று சனத்துக்கு வெறி பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சாரதாவும் இன்னும் சில பெண்களும் அவன் கைகளை முறுக்கிப் பிடித்தார்கள்.

அடித்தேன் அண்ணே. சட்டை கிழிந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும்வரை அடித்தேன். என் விரலை நினைத்து அடித்தேன், நாயை நினைத்து அடித்தேன். அவன் திமிறி ஆடு வெட்டிய கத்திக்குத் தாவினான். எனக்குத்தான் முதலில் எட்டியது. அவன் வலது காதில் பாதி இப்போது இல்லை. ரத்தம் ஒழுக ஓடி, லெம்பா பெர்த்தாம் போகிற காய்கறி லோரியில் தொற்றிக்கொண்டு போனான். சூலத்தை லயத்துக் கோயிலுக்கே கொண்டுபோகும்படி சாமி வாக்காகச் சொன்னேன். முருகையாவே பிடுங்கிக்கொண்டு போனார்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். சாமி வரவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக என் வீட்டில் கால் நீட்டித் தூங்கினேன்.

செல்லம்


சிங்கப்பூர்,
26.8.1979

செல்லத்துக்கு,

தங்கராஜு என்னிடம்தான் இருக்கிறான். அவன் முதுகைப் பார்த்தேன். நீயெல்லாம் ஒரு பெண்ணா? சாமி வரவில்லை என்று நீ எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

தீபாவளிக்கு இருவரும் வருகிறோம். அவன் காலில் விழு. விழாவிட்டால் நீ முனி பெயரில் போட்ட வேஷத்தை லயம் முழுக்கச் சொல்வேன். அப்புறம் அவர்களே உன்னைக் கல்லால் அடிப்பார்கள். நானும் வேலையை விட்டுவிட்டு அங்கேயே இருக்கப்போகிறேன். பின்னறை அவனுக்கு, முன்னறை எனக்கு. கேட்க ஆள் இல்லாமல்தான் நீ இப்படி ஆகிவிட்டாய்.

அர்ஜுனன்


பிரிஞ்சாங்,
16.9.1979

அர்ஜுனன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். காதை அறுத்தபோதுகூட நான் அழவில்லை.

லயத்தில் சொல்லும் சிரமம் உங்களுக்கு வேண்டாம். எல்லாரையும் கூட்டி நானே சொல்லிவிட்டேன். முருகையா காறித் துப்பிவிட்டு எழுந்து போனார். இனி என் வாசல் மிதிக்க மாட்டார். சாரதாதான் பேசினாள்: "சாமி வரலன்னு எனக்கு அப்பவே தெரியும் லா. தெரிஞ்சுதான் அவன் கைய விடாம பிடிச்சேன்." யாரும் கல்லெடுக்கவில்லை.

நான் அடிபட்டபோது வர உங்களுக்கு லீவு இல்லை. அவன் அடிபட்டதும் வேலையையே விடுகிறீர்கள். இதற்கு மேல் எனக்கு என்ன தெரிய வேண்டும்?

பின்னறைக்குச் சாரதா குடிவந்துவிட்டாள். முன்னறையில் நான் இருக்கிறேன். தீபாவளிக்கு வராதீர்கள். வந்தால் உங்களையும் அடிப்பேன், அண்ணே. சாமி பெயரைச் சொல்லாமலே அடிப்பேன்.

இப்படிக்கு,
வீட்டுக்காரி செல்லம்