கேட்டது ஒரு பக்கம், கண்டது ஒரு பக்கம்

பெரியகல்லாறு,
17.11.1993.

அன்புள்ள அத்தானுக்கு,

மாதாவின் அடைக்கலத்தில் நானும் மேர்சியும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம். கடல் தாண்டி உழைக்கிற உங்களுக்கு ஒரு நோய்நொடி வரக்கூடாது என்று இருவரும் செபத்தில் கேட்காத நாள் இல்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கொழும்புக்குப் போகும் சிஸ்டர் ஒருவரின் கையில் கொடுத்து, அங்கிருந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்பது வாசிக்கும்போது விளங்கும்.

மாரி தொடங்கிவிட்டது. குசினிக் கூரை அடுப்புக்கு மேலே பழைய இடத்திலேயே ஒழுகுகிறது. சாக்கைப் போட்டு, அதன்மேல் கல்லை வைத்திருக்கிறேன். மேர்சிக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவுக்கு எழுதாதீர்கள் என்று சொன்னாள். எழுதிவிட்டேன்.

போன கடிதத்தில் கோபமாக எழுதியிருந்தீர்கள். தம்பி பற்றிக்கைக் கொன்ற சாதியோடு கூடியிருந்து கொப்பி எழுதுகிறாயாமே, உனக்கு விசரா, எல்லாவற்றையும் அடுப்பில் போடு என்று. அத்தான், பற்றிக் உங்களுக்குத் தம்பி. எனக்கும் அவன் என் கையால் சாப்பிட்ட பிள்ளைதான். அவனைக் கொண்டுவந்து முற்றத்தில் கிடத்தியபோது நீங்கள் இங்கு இல்லை. நான்தான் கழுவினேன். அதன்பிறகு ஒரு முஸ்லிம் பெயர் காதில் விழுந்தாலே, இவனோ கொன்றது என்றுதான் நினைப்பேன். வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போதும் அதே நினைவு. என்னைப் பார்த்து எனக்கே பயம் வந்த காலம் அது. அப்போதுதான் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினேன்.

வேறொன்றுமில்லை. ஒரு பக்கத்தில் அவர்களைப் பற்றி நான் கேட்டதையும் சொன்னதையும் எழுதுவேன். எதிர்ப்பக்கத்தில் என் கண்ணால் கண்டதை எழுதுவேன். கேட்ட பக்கம் நிறைந்து வழிந்தது. கண்ட பக்கத்தில் எழுத அதிகம் இருக்கவில்லை. பற்றிக்கைக் கொன்றவனின் முகத்தை நான் காணவில்லை. நீங்களும் காணவில்லை.

இதைப் பார்த்துவிட்டு வேறு சில பெண்களும் எழுத வந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்தபின் கோயில் மண்டபத்தில் இருப்போம். ஆற்றங்கரையில் இருக்கிற சீதேவியும் வந்தாள். அவளுடைய புருஷன் அழகரத்தினம் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாமலே போனவன் என்பது உங்களுக்குத் தெரியும். முஸ்லிம்கள்தான் இராணுவத்துக்குக் காட்டிக்கொடுத்தார்கள் என்று ஊரில் சொன்னார்கள். சீதேவிக்கு எழுதத் தெரியாது. கரித்துண்டால் கேட்ட பக்கம் முழுவதையும் கறுப்பாக்கினாள். கண்ட பக்கத்தில் அறுந்த வலைநூல் ஒன்றைச் சோற்றால் ஒட்டினாள். வேறெதுவும் வைக்கவில்லை.

ஆவணி மாதம் ஸைனம்பு வந்தா. மறந்திருக்க மாட்டீர்கள், சண்டைக்கு முன்பு சாரமும் சீலையும் பொட்டளியாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வீடுவீடாக வருகிறவ. அவவின் மூத்த மகனும் பற்றிக் செத்த அதே வருஷம்தான் செத்தான். நம்முடைய ஆட்கள் செய்தது என்று அவர்களுடைய ஊரில் கதை. மூன்று வருஷம் வராமல் இருந்து, பசி பொறுக்காமல் வந்திருக்கிறா. ஒருவரும் படலை திறக்கவில்லை. எங்கள் வாசலில் நின்று தண்ணீர் கேட்டா. நான் உள்ளே போய்க் காது உடைந்த கோப்பை ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவ குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தா.

அதைக் கொப்பியில் எழுதினேன். கண்ட பக்கத்தில், என்னைப் பற்றி நானே கண்டதாக. அடுத்த ஞாயிறு ஸைனம்புவை மண்டபத்துக்குக் கூப்பிட்டு, அவவின் முன்னாலேயே வாசித்தேன். அவ சிரித்தா. "எங்கட ஊட்டயும் அப்பிடியொரு கோப்பை இரிக்கி டீச்சர், ஒங்கட ஆக்களுக்கெண்டு" என்றா. எல்லோரும் சிரித்துவிட்டோம். சீதேவி மட்டும் எழுந்தாள். "உங்களுக்குச் சிரிப்பு வருகுதா கா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனவள், பிறகு வரவில்லை.

ஸைனம்பு தொடர்ந்து வந்தா. கொப்பியில் துணித்துண்டுகளை ஒட்டுவா. மகனுக்கென்று எடுத்துவைத்த சாரத்தின் கரை ஒன்றையும் ஒட்டினா. அது எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, நடுவில் என்றா.

பிறகு அவவைப் பற்றிக் கதை கிளம்பியது. துணி விற்க வருகிறவ இல்லை, உளவு பார்க்க வருகிறவ என்று. கதையை யார் தொடக்கினார்கள் என்று தெரியாது. இனி வரவேண்டாம் என்று நானே சொன்னேன். "வராட்டி என்னத்தத் திங்கிற புள்ள?" என்று கேட்டா. அதன்பிறகும் அவ பொட்டளியோடு வந்துகொண்டுதான் இருந்தா.

போன வியாழன் காலை சீதேவி படலையில் வந்து நின்றாள். "டீச்சர், அந்தச் சீலக்காரிட பொட்டளி பாலத்தடியில கிடக்காம். ஆளக் காணல்லயாம். வாங்க, தேடுவம்" என்றாள். நீயா தேடக் கூப்பிடுகிறாய் என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ட மனிசன இந்த ஆத்துக்குள்ள ஒத்தையாத்தான் தேடின நான். ஒரு சனம் வரல்ல. ஒரு உடம்பு கிடைச்சிருந்தா அழுது முடிச்சிருப்பன். அவட வீட்டாக்களும் என்னப்போலக் கிடக்கணுமா?" என்று கேட்டாள்.

அன்று ஆளில்லாமல் கரையொதுங்கிய அழகரத்தினத்தின் தோணியிலேயே போனோம். அவள் கோல் ஊன்றினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. கரையில் நின்றவர்கள் கண்டும் காணாததுபோல் திரும்பிக்கொண்டார்கள். மத்தியானம் போலக் கரையோரக் கண்டல் மரங்களின் வேர்களுக்குள் ஸைனம்புவைக் கண்டோம். என்ன நிலையில் என்று எழுதமாட்டேன். யார் செய்தது என்று ஊரில் ஒருவரும் வாய்திறக்கவில்லை, நானும் காணவில்லை. இருவரும் தண்ணீரில் இறங்கித்தான் தூக்கினோம். சீதேவி தன் சீலைத் தலைப்பைக் கிழித்து முகத்தை மூடினாள். அவர்களுக்குள் அந்நிய ஆண்கள் பார்க்கக்கூடாதாம் என்று அவளே சொன்னாள். எங்கே கேட்டாளோ.

ஊருக்குக் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்று தெரியாது. அதனால் தெற்கே, அவர்களுடைய கரைக்கே கொண்டுபோனோம். தூரத்திலேயே கண்டுவிட்டார்கள். தடியோடும் கல்லோடும் ஆண்கள் கூடினார்கள். கொன்றுவிட்டுக் கொண்டுவந்து காட்டுகிறார்கள் என்று ஒருவன் கத்தினான். கல் வந்து விழத் தொடங்கியது. ஒன்று சீதேவியின் தோளில் பட்டது. அவள் கோலை விடவில்லை.

ஒரு வயதான மனிதர் ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஆற்றில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் தோணிக்கு முன்னால் வந்து நின்றார். ஸைனம்புவின் புருஷன் அப்துல் கபூர். அவர் முதுகைக் கரைக்குக் காட்டிக்கொண்டு நின்றதால் கல் நின்றது. "முகத்த மூடினது ஆரு?" என்று மெல்லக் கேட்டார். தான்தான் என்றாள் சீதேவி. அவர் தலையசைத்தார். மனைவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "போயிருங்க புள்ள, இஞ்ச நிக்காதீங்க. இவனுகளக் கனநேரம் மறிக்க எனக்கு ஏலாது" என்றார். அவ்வளவுதான். திரும்பும்போதும் பின்னால் கற்கள் விழுந்த சத்தம் கேட்டது.

ஞாயிறு சீதேவி மண்டபத்துக்கு வந்தாள். கண்ட பக்கத்தில், தண்ணீருக்குள் நிற்கும் ஒரு மனிதனைக் கரித்துண்டால் படமாகக் கீறினாள். பக்கத்தில் ஒரு கல்லையும் கீறினாள். கல் வேண்டாமே என்று ஒரு பெண் சொன்னதற்கு, "அதையும் கண்ட நான்தானே கா" என்றாள். கறுப்பாக்கிய பக்கத்தை அவள் அழிக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. அவளுக்கு மனம் ஆறிவிட்டது என்று நான் உங்களுக்குப் பொய் எழுதமாட்டேன். எனக்கும் ஆறவில்லை.

இனி சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். இயக்கப் பொடியன்கள் சனிக்கிழமை என்னை ஆற்றுக்கு அந்தப்பக்கம், அவர்களுடைய கையில் இருக்கிற படுவான்கரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த உடலை ஏன் கொண்டுபோனாய், கொப்பிகளில் என்ன எழுதுகிறாய், யாருக்குக் கொடுக்கிறாய் என்று விசாரிக்கவாம். கொப்பிகளையும் கொண்டுவரச் சொன்னார்கள். மற்றவர்களுடையதை அவரவர் கையில் கொடுத்துவிட்டேன். என்னுடையதை மட்டும் கொண்டுபோவேன். அதில் நான் வெட்கப்பட இருக்கிறது, ஒளிக்க ஒன்றும் இல்லை. சீதேவி தானும் வருகிறாளாம். உனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நான் வராட்டித் தோணிய ஆரு தள்ளுற டீச்சர்?" என்கிறாள்.

மேர்சியை நாளைக்கே சிஸ்டர்மாரோடு மட்டக்களப்புக்கு அனுப்புகிறேன். மடத்து விடுதியில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அவளுடைய பிறப்புச் சான்றிதழும் ஞானஸ்நானச் சான்றிதழும் மதர் கையில் இருக்கும். பெட்டியில் நீங்கள் போட்ட பழைய சேட் ஒன்றையும் மடித்து வைத்திருக்கிறேன். அவள்தான் கேட்டாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன் அத்தான், மறுக்காதீர்கள். உங்கள் அறைக்கு நம்முடைய பக்கத்து முஸ்லிம் ஒருவர் வந்திருப்பதாகவும், அவர் பக்கத்தில் படுக்கப் பிடிக்காமல் கட்டிலை இழுத்து மற்றச் சுவரோடு போட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அவருக்கும் இங்கிருந்துதான் கடிதம் வரும். எந்தக் கடிதத்தில் என்ன இருக்கும் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அப்படி ஒன்று வருகிற நாளில் பக்கத்தில் ஒரு மனிதர் இருக்கவேண்டும், அத்தான். அவருடைய ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று இன்றைக்கே கேளுங்கள். நான் பிழைபிடிக்க எழுதவில்லை. நீங்கள் தனியாக இருக்கக்கூடாது என்றுதான்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மாதா உங்களைத் தன் நிழலை விட்டு விலக விடாமல் வைத்திருக்கட்டும்.

என்றென்றும் உங்கள்,
ஞானமலர்.