மஞ்சள் கவுன்காரி

மார்ச் 4
மறுபடியும் முதுகுவலி. கேமராவையும் தாங்கியையும் அருங்காட்சியகத்தின் ஓவியக் கூடத்துக்குத் தூக்கித் தூக்கியே என் ஆயுசு போய்விடும் போலிருக்கிறது. இன்று மஞ்சள் கவுன்காரி ஓவியம். நிறம் மங்கியிருக்கிறதா என்று கணினி பழைய படத்தோடு ஒப்பிட்டு, வழக்கம்போல "மாற்றமில்லை" என்றது. கொடுத்து வைத்தவள். வெளிறுவதெல்லாம் நான்தான்.

மார்ச் 11
நிறம் சரிபார்க்க ஓவியத்தோடு சேர்த்துப் படமெடுக்கிற பழைய நிற அட்டை ஓரத்தில் கிழிந்ததால் புதியது கேட்டிருந்தேன். வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழைய அட்டையின் மஞ்சள் வெளுத்துக் கிடக்கிறது.

அட்டையின் நிறம் மாறாது என்று நம்பித்தான் கணினி அதை வைத்து ஒவ்வொரு படத்தின் நிறத்தையும் திருத்துகிறது. நாங்களோ அதை ஓவியத்தின் பக்கத்திலேயே, அதே விளக்கின் கீழ் மாட்டி வைத்திருக்கிறோம் — ஒவ்வொரு தடவையும் தேட வேண்டாமே என்று! இரண்டும் சேர்ந்தே வெளுத்தால் மாற்றம் எங்கே தெரியும்? தினமும் பார்க்கிற முகம், கண்ணுக்கும் தெரியவில்லை. புது அட்டையை வைத்து எடுத்தேன். கவுனில் பாதி மஞ்சள் இல்லை.

மார்ச் 12
அலுவலகத்தில் இன்னும் சொல்லவில்லை. அட்டையை அங்கே மாட்டச் சொன்னவர் எங்கள் பிரிவுத் தலைவர். நாளை மறுநாள் ஓய்வு பெறுகிறார். "என் காலத்துல இவ ஒரு துளிகூட மங்கல" என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. பிரிவுபசாரம் முடியட்டுமே?

"இன்னும் ரெண்டு நாள் வெளிச்சம் பட்டா என்ன ஆயிடப் போகுது?" என்றார் வீட்டுக்காரர். பெரிதாக ஒன்றும் ஆகாதுதான். ஆனால் தெரிந்துகொண்டே விளக்கை எப்படி எரிய விடுவது? சீ, என்ன பிழைப்பு இது.

மார்ச் 13
சொல்லிவிட்டேன். இரண்டு அட்டைகளையும் தலைவர் மேசையில் வைத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"இங்க யாருக்கும் தெரியாது சார். உங்ககிட்டதான் முதல்ல."

மூடி மறைக்கச் சொல்வார் என்று பயந்தேன். "போய் விளக்க அணைம்மா" என்றார். அணைத்துவிட்டு வந்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்தது.

மார்ச் 14
காலையிலேயே ஓவியத்தை இருட்டறைக்கு மாற்றினோம். மாலையில் பிரிவுபசாரம். ஓய்வு பெறுகிறவர்களை எப்போதும் அவள் முன்னால் நிறுத்தித்தான் படமெடுப்போம். "வேற எடத்துல எடுக்கலாம் சார்" என்றேன். கேட்கவில்லை. வெற்றுச் சுவரோரம், அவள் தொங்கிய ஆணிக்குக் கீழே போய் நின்றார். ஓவியம் எங்கே என்று யாரோ கேட்டார்கள்.

"மங்கிடுச்சு. நான்தான் கவனிக்கல" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு என்னிடம், "எடும்மா."

எடுத்தேன். படம் கலங்கலாக வந்திருந்தது. இன்னொரு தடவை நில்லுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை.