விதைக்கு வைத்த பயறு

மார்ச் 4

ஈரத்தாளில் வைத்த செம்பயறு முளைக்கவில்லை. ஒன்றுகூட. வேறு டப்பாவிலிருந்து எடுத்து வைத்ததும் ஊறி அழுகிக் கிடக்கிறது. போன கோடை முழுவதும் விதைகளின் குளிர் அறை ஓடவில்லை. பழுதுபார்க்கச் சொல்லி எத்தனை முறை போய் நின்றேன்! எங்கள் ஆராய்ச்சி நிலைய இயக்குநர் தலையை ஆட்டியதோடு சரி. கல்லூரியில் என் அறைத் தோழன். அப்போதே அவனுக்குத் 'தலையாட்டி' என்றுதான் பெயர். ஆட்டி ஆட்டியே நாற்காலியைப் பிடித்தான். பாதி மழையில் விளைகிற, இரும்புச்சத்து மிகுந்த இந்தச் செம்பயறை நான் உருவாக்கியபோது, விளைச்சல் போதாது என்று ஒரே வரியில் ஓரங்கட்டியவனும் அவன்தான்.

மார்ச் 5

கடைசி டப்பாவும் போச்சு. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 7

எப்படி மறந்தேன்? அக்கா இருக்கிறாளே!

அவன் என் சோதனை வயலை மூடியபோது ஒரு மூட்டை விதையை அவளிடம் கொடுத்திருந்தேன். பருவந்தோறும் கொஞ்சம் விதைத்து, அறுத்து, புது விதையாக மாற்றி வைப்பாள். இரண்டு வருடமாக அவள் ஊரில் மழையே இல்லை, விதைத்திருக்க மாட்டாள். பரவாயில்லை, ஒரு கைப்பிடி போதும். அதை முளைக்க வைத்து அவன் மேசையில் கொண்டுபோய் வைக்கிறேன். அப்போது எப்படித் தலையாட்டுகிறான் என்று பார்க்க வேண்டும்.

மார்ச் 9

அக்கா விதையைக் கொட்டி வைத்திருந்த டிரம் காலி.

அடியில் தூசியும் வண்டு அரித்த தோலும். அக்கா அடுப்படி வாசலில் நின்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கடையில் பருப்பு வாங்க முடியாமல் போனபோது தினம் கொஞ்சம் வேகவைத்தாளாம். வாசனை பிடித்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வந்துவிட்டனவாம்.

“விதைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா.”

“சொன்னேடா. அதுங்க தட்டோட வாசல்ல நின்னா, அதுங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?”

கத்தினேன். என்னவெல்லாமோ கத்தினேன். போட்டு வைத்த சாப்பாட்டைத் தொடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

மார்ச் 10

ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல? ஒரு வார்த்தை? பணம் அனுப்பியிருப்பேனே. என் வாழ்க்கைய வேகவச்சுத் தின்னுட்டாங்க — ஆனா நான் மட்டும்? இந்த ரெண்டு வருஷத்துல எத்தன தடவ அவள கூப்பிட்டேன்? மழை இல்லன்னு பேப்பர்ல படிச்சேன். படிச்சுட்டு மடிச்சு வச்சேன்.

மார்ச் 28

அக்கா வீட்டுப் பக்கத்துச் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் பேசினார். அக்காதான் எண்ணைக் கொடுத்தாளாம். குழந்தைகளுக்கு ரத்தம் பார்த்ததில் மற்ற தெருக்களில் எல்லாம் இரும்புச்சத்து குறைந்திருக்கிறது. அக்காவின் தெருவில் மட்டும் குறையவில்லை.

“அது என்ன பயறு சார்? மத்த தெருவுக்கும் வேணும். எங்க கிடைக்கும்?”

என் பணிக்காலத்தில் இந்தக் கேள்வியை யாருமே என்னிடம் கேட்டதில்லை.

“இப்போ எங்கயும் கிடைக்காதும்மா” என்றேன்.

ஒரு தெரு, சில பிள்ளைகள். இதை ஆய்வு என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நானே மாட்டேன். இருந்தும் போனை வைத்ததும் என் பழைய கலப்புக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன்.

ஏப்ரல் 3

தலையாட்டியிடம் போய் நின்றேன். செம்பயறின் தாய் வகைகள் வேறொரு ஆராய்ச்சி நிலையத்தில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. வரவழைத்துத் தா, ஒரு துண்டு நிலமும் கொடு, முதலிலிருந்து கலந்து மறுபடி உருவாக்குகிறேன் என்றேன். நீ ஓய்வு பெறுவதற்குள் முடியுமா என்று கேட்டான். முடியாது என்றேன். என் மனுவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். நன்றி சொல்லாமல் வெளியே வந்தேன். குளிர் அறையை நான் மன்னிக்கப் போவதில்லை.

மாலையில் அக்காவைக் கூப்பிட்டேன். எடுத்ததும், சாப்பிட்டாயா என்றாள். அன்று கத்தியதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இத்தனை வருடத்தில் அந்தப் பயறில் ஒன்றைக்கூட நான் வாயில் போட்டதில்லை. ஒவ்வொன்றும் விதையாகவே இருந்தது. எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“லேசா கசந்துச்சுடா” என்றாள். “ஆனா பிள்ளைங்க மறுபடியும் தட்டை நீட்டுச்சுங்க.”